ஓசிக்குத் தன்மை கிடையாது

காசு கொடுக்காமல் வாங்குவதற்கு நம்மிடம் சொற்கள் ஏராளம். காய்கறி வாங்கி முடித்ததும் கூடையில் விழும் கறிவேப்பிலை கொசுறு. அந்தக் காலத்து ஜமீன்தார் கொடுத்தது இனாம். அரசாங்கம் கொடுப்பது இலவசம். 2006-இல் வாக்குறுதி தந்த வண்ணத் தொலைக்காட்சிக்கு அதுதான் பெயர். 2011-இல் ஆட்சி மாறியதும் அரிசி, மிக்ஸி, மடிக்கணினி எல்லாமே 'விலையில்லா' என்று அடைமொழி பெற்றன. மரியாதை கூடியது, அரிசி அதேதான்.

இந்தச் சபையில் நாற்காலி கிடைக்காத சொல் ஓசி. உழைக்காமல், உரிமையில்லாமல், முக்கியமாக வெட்கமில்லாமல் வாங்கிக்கொள்வது.

இதன் பூர்வீகம் கிழக்கிந்தியக் கம்பெனி என்பார்கள். கம்பெனி வேலையாகப் போகும் தபாலின் உறைமேல் 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்று போட்டிருக்குமாம், கட்டணம் கிடையாதாம். முதல் இரண்டு எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஓசியில் கடுதாசி போட்டவன் வெள்ளைக்காரன், அதற்கும் சேர்த்து வரி கட்டியவன் நம் பாட்டன். பட்டம் மட்டும் பாட்டன் தலையில் விழுந்தது. 1858-இல் கம்பெனி ஆட்சி போனது. சொல் கப்பல் ஏறவில்லை.

எங்கள் பெரியப்பா தினமும் டீக்கடையில் பேப்பர் படிப்பார். டீ குடிக்கமாட்டார், பித்தமாம். பக்கத்தில் ஒருவர் நடுப்பக்கத்தைக் கேட்டால், "பாரு, ஓசிப் பேப்பர் படிக்க வந்துட்டான்" என்று என் காதில் முணுமுணுப்பார். "நீங்க மட்டும்?" என்றால், "நான் சும்மா புரட்டிப் பாக்குறேன்டா." ஓசிக்குத் தன்மை இடம் கிடையாது என்ற இலக்கணத்தை அவரிடம்தான் கற்றேன். முன்னிலையில் சொன்னால் சண்டை வரும். படர்க்கைதான் பத்திரம்.

அதை மறந்தவர் மாட்டிக்கொள்வார். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அடுத்த ஆண்டு ஓர் அமைச்சர் மேடையேறி, பெண்களைப் பார்த்தே அதை ஓசி என்று சொல்லிவிட்டார். "ஓசியில வரமாட்டேன், டிக்கெட்டக் குடு" என்று கோவையில் ஒரு பாட்டி கண்டக்டரிடம் மல்லுக்கு நின்ற வீடியோ ஊரெல்லாம் ஓடியது.

விமான நிலைய லவுஞ்சில் கிரெடிட் கார்டைத் தேய்த்து, இரண்டு ரூபாய்க்கு இட்லி, பொங்கல், பழச்சாறு என்று ஒரு பந்தியையே முடித்துவிட்டு வருகிறவரை யாரும் ஓசிச்சோறு என்பதில்லை. அது 'காம்ப்ளிமென்ட்ரி'. கழுத்தில் டை இருந்தால் ஓசி ஒட்டாது என்பது என் தீர்ப்பு.

மற்றபடி, வங்கியில் செலான் நிரப்ப என்னிடம் பேனா கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தாராளமாகத் தருகிறேன். மூடி மட்டும் என்னிடமே இருக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.