ஓட்டைச் சட்டைக்காரன் மலையேறுதான்

ஏலே பேராண்டி, மலைப்பாதையில ஓடுததுக்கு பூட்சு வாங்கப் போறேன்னு உங்கம்மகிட்ட சொன்னியாமே. ‘சாட்டிஸ்ஃபை’ கம்பெனி மொத மொதல்ல சொந்தமாப் போட்ட பூட்சாம், பேரு ‘த ராக்கர்’. விலைய மட்டும் ஏன்ல அமுக்கிட்ட? இருநூறு யூரோவுக்கு மேலன்னு உன் தங்கச்சி போட்டு உடைச்சிட்டா. உங்க ஆச்சி காதுக்கு நான் இன்னும் கொண்டுபோகல. ஞாபகம் வச்சிக்கோ.

அந்தக் கம்பெனிக்காரன் லேசுப்பட்ட ஆளில்ல. ப்ரீஸ் பார்தூஷ்னு பேரு. முன்னால ஜீன்ஸ் துணி வித்தவன், பங்க் பாட்டுப் பைத்தியம். நீ இப்ப இருக்க பாரீசுலதான் 2015-ல ஓட்டக்காரனுக்குத் துணி தைக்க உக்காந்தான். தச்சு என்ன செஞ்சான்? பனியன்ல பூச்சி அரிச்ச மாதிரி அங்கங்க ஓட்டை போட்டான். காத்து வர வழின்னான். ‘மாத்டெக்’னு பேரு வச்சு, ஒண்ணு நூறு யூரோவுக்கு மேல வித்தான். வேர்த்து ஓடுதவனுக்கு ஓட்டை உதவாதுன்னு நான் சொல்லல. எங்க காலத்துல அதைப் பூச்சியே இனாமாச் செஞ்சுது, அம்புட்டுத்தான். நம்ம டிரங்குப் பெட்டிக்குள்ள ஒரு கம்பெனியே நடந்திருக்கு, எங்களுக்குத்தான் விக்கத் தெரியல.

பனியன் கிழிஞ்சா அழகுன்னு சொல்லிரலாம். மலையில பூட்சு அடி வழுக்குனா என்னன்னு சொல்லுவ? ஆகஸ்டு கடைசியில சாமோனியில ஒரு ஓட்டம் நடக்கே, யூடிஎம்பின்னு, 2003-ல ஆரம்பிச்சது. மோன் பிளாங் மலையச் சுத்தி, பிரான்சுல பொறப்பட்டு இத்தாலி, சுவிட்சர்லாந்து புகுந்து திரும்ப வரணும். சுமார் 170 கிலோமீட்டர். ஏத்தத்த மட்டும் கூட்டுனா 10,000 மீட்டர் பக்கம் வருது. ராத்திரியும் ஓட்டம், மழையிலயும் ஓட்டம். உருண்டு கெடக்க கல்லு உன் பூட்சு எந்தக் கம்பெனின்னு விசாரிக்காதுல.

பார்தூஷுக்கு அது தெரிஞ்சிருக்கு. மொதல்ல மலையில அடிபட்டுத் தேறுன ஹோக்கா கம்பெனியோட கூட்டுச் சேந்து ஒரு பூட்சு போட்டுப் பழகுனான். இப்ப சொந்தப் பூட்சுக்கும் அடிப்பாகத்த விப்ரம்கிட்ட வாங்கிட்டான். கெட்டிக்காரன்.

விப்ரம் கதை தெரியுமால உனக்கு? வித்தாலே ப்ரமானின்னு ஒரு இத்தாலிக்காரன், மலையேத்தத்துல கைகாரன். 1935-ல ஆல்ப்ஸ்ல அவனோட போன ஆறு பேரு மலையிலயே செத்துப்போனாங்க. காலுல கெடந்தது சரியில்லங்கறது அவன் மனசுல முள்ளாத் தச்சிருச்சு. டயர் செய்யுத பிரெல்லிக்காரங்க ஒத்தாசையில ரப்பர் அடி உண்டாக்கி, 1937-ல காப்புரிமை வாங்குனான். மேல என்ன சாயம் பூசினாலும் சரி, நீ காசு குடுக்கது அந்த அடிக்குன்னு நெனச்சுக் குடு. மனசு ஆறும்.

இன்னொரு கூத்தக் கேளு. பிரான்சுல அன்சி ஊர்க்காரன் சாலமன், 1947-ல ரம்பத்தகடு செஞ்சு தொழில் தொடங்கினவன். மலைக்குன்னு அவன் போட்ட எக்ஸ்டி-6 பூட்சு இன்னைக்குக் காப்பிக்கடையில கால்மேல கால் போட்டு உக்காந்திருக்கு. பார்தூஷோ காப்பிக்கடையில இருந்து எந்திரிச்சு மலைக்குப் போறான். ரெண்டு பூட்சும் நடுவழியில பாத்துக்கிட்டா என்ன விசாரிச்சுக்கும்? எந்தக் கடையில காப்பி நல்லாருக்குன்னுதான்.

சிரிக்காத. பூட்சே இல்லாம மலையோடி ஜெயிச்ச ஆளும் உண்டு. 1993-ல அமெரிக்காவுல லெட்வில்னு ஒரு ஊரு, அங்க 100 மைல் மலையோட்டம். மெக்சிகோ மலைக்காட்டு ராராமுரிப் பழங்குடிக்காரரு ஒருத்தர், விக்டோரியானோ சுர்ரோ, வயசு 55, மொதல்ல வந்தாரு. காலுல என்ன தெரியுமால? டயர் செருப்பு! நான் போட்டுக்கிட்டு ஆட்டுக்குப் பின்னால நடந்தேனே, அதே சாதிதான். என்ன, எனக்கு யாரும் பரிசு தரல. ஆடுகதான் முந்திருச்சு.

அதுக்காக நீ டயர் செருப்பு தேடி அலையாத. அந்தக் காலும் அந்த மூச்சும் உனக்கு ஏது? மாடிப்படி ஏறுனாலே நடுவுல நின்னு போன் பாக்க பய நீ. பல்லக்கு ஏற யோகம் உண்டு, உன்னி ஏற சீவனில்லன்னு உங்க ஆச்சி என்னைச் சொல்லுவா. அந்த வசவு பரம்பரைச் சொத்தா உனக்கு வந்து சேராம பாத்துக்கோ.

வாங்கு, வேண்டாங்கல. ஆனா ஒரு ஏற்பாடு. பழசு மாதிரி தெரியுத புதுசுக்குப் பேர் போன கடை அது. நீ நெசமாவே பழசாக்கிக் காட்டணும். மெட்ரோவுல, ஆபீசுல போடுத கணக்கு செல்லாது. அடுத்த பொங்கலுக்கு வரும்போது அந்த பூட்சக் கொண்டா, திருப்பி அடியப் பாப்பேன். தேஞ்சிருந்தா மறு ஜோடிக்கு ஆட்ட வித்தாவது நான் பணம் தாரேன். தேயலன்னா கழட்டி திண்ணையில வச்சிட்டுப் போ. உன் காலும் எட்டு, என் காலும் எட்டு.