மூன்று பெசோ புரட்சி

ஹவானா போகிற நம்மூர்த் தோழர்கள் தவறாமல் ஏறிப் பார்க்கும் இடம் லா கபானா. துறைமுகத்துக்குக் காவலாக ஸ்பெயின் மன்னன் கட்டிய கோட்டை. 1959 ஜனவரியில் சே குவேரா அதைக் கைப்பற்றித் தலைமையகம் ஆக்கிக்கொண்டார். அவருடைய அலுவலகம் இன்று அருங்காட்சியகம். பாருங்கள், படம் எடுங்கள். இரவு 9 மணிக்குப் பழங்காலச் சீருடையில் சிப்பாய்கள் பீரங்கி வெடிப்பார்கள். அதற்கும் டிக்கெட் உண்டு.

1959-இல் அங்கே வெடித்தவற்றுக்கு டிக்கெட் கிடையாது. புரட்சி நீதிமன்றம் அவசர அவசரமாக மரண தண்டனை விதித்தது. அப்பீலைப் பார்த்து உறுதிசெய்தவர் சே. சுடப்பட்டவர்களில் பழைய சர்வாதிகாரி பாதிஸ்தாவின் சித்திரவதைக்காரர்களும் இருந்தார்கள். அவர்களுக்காக நான் ஒப்பாரி வைக்கவில்லை. ஆனால் ராத்திரி விசாரித்து விடிவதற்குள் சுடுவதற்கு நீதிமன்றம் என்ற பெயர் எதற்கு? சே இதை மறைத்தவரில்லை. 1964 டிசம்பர் 11 அன்று ஐ.நா. பொதுச்சபையிலேயே, சுட்டோம், சுடுகிறோம், தேவைப்பட்டால் இன்னும் சுடுவோம் என்றார். அவருக்குக் கூசாத விஷயம் அவர் முகம் போட்ட டி-ஷர்ட்டுக்காரர்களுக்குக் கூசுகிறது!

அந்த முகமும் இதே துறைமுகத்தில் பிறந்ததுதான். 1960 மார்ச் 4 அன்று லா கூப்ர் என்ற ஆயுதக் கப்பல் இங்கே வெடித்தது. மறுநாள் இறந்தவர்களின் இறுதி அஞ்சலியில் புகைப்படக்காரர் கோர்தா அந்தப் படத்தை எடுத்தார். அதே மேடையில் ஃபிடல் 'தாயகம் அல்லது மரணம்' என்று முழங்கினார். படம் பிறகு வோட்கா விளம்பரம் வரைக்கும் போனது. சந்தையை ஒழிக்கப் புறப்பட்டவரைச் சந்தை அள்ளிக்கொண்டது என்று முதலாளிகளை ஏசுகிறோம். சே முகம் போட்ட மூன்று பெசோ நோட்டை அதன் மதிப்பைப் போலப் பல மடங்குக்குச் சுற்றுலாப் பயணியின் தலையில் கட்டுவது எந்த முதலாளி? அது ஹவானாத் தெருவில் நடக்கிற வியாபாரம்.

ஃபிடலின் முழக்கம் என்ன ஆனது? 2021-இல் சில கியூபப் பாடகர்கள் அதில் மரணத்தை எடுத்துவிட்டு வாழ்வை வைத்துப் பாடினார்கள். ஊரே பாடியது. ஜூலையில் ஜனங்கள் சோறும் மருந்தும் மின்சாரமும் கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். உடனே நம் தோழர் அமெரிக்கப் பொருளாதாரத் தடையைக் கையில் எடுப்பார். தடை அயோக்கியத்தனம்தான், ஐயா. பாட்டுக்காரனைப் பிடித்து உள்ளே போடச் சொன்னதும் வாஷிங்டனா?

அந்தப் பாட்டைப் பாடியவர்களில் ஒருவரான மைக்கேல் ஓஸோர்போவுக்கு 2022-இல் 9 ஆண்டுச் சிறை விதித்தது, புரட்சியின் பெயரால் ஆளும் அதே அரசின் நீதிமன்றம்.