எந்தத் தலைமுறை ஸ்விஃப்ட்?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் மாருதி ஸ்விஃப்ட் வாங்கலாம் என்றிருக்கிறேன். எந்தத் தலைமுறை வண்டி நல்லது?

பதில்: 2005-இல் வந்த முதல் தலைமுறைக்கு அழகு இன்னும் குறையவில்லை. ஆனால், 15 வருடம் தாண்டினால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலையத் தெம்பிருந்தால் சரி. 2011-இல் வந்த இரண்டாவதில் டிக்கி 204 லிட்டர்தான். மாமியார் வரலாம், அவர் பெட்டி வராது. 2018-இல் வந்த மூன்றாவதில் அது 268 லிட்டர், எடையும் குறைவு. இரண்டு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் எல்லா மாடலிலும் உண்டு. பின்கதவுக் கைப்பிடியை மட்டும் கண்ணாடி ஓரத்தில் ஒளித்துவைத்தார்கள். புதிதாக ஏறுகிறவர் கதவைத் தடவிக்கொண்டே நிற்பார். (2024 மாடலில் கைப்பிடி பழைய இடத்துக்கே வந்துவிட்டது!) டீசல் ஸ்விஃப்ட் 2020-ஓடு நின்றுபோனது, ஆபீஸுக்கும் காய்கறிக் கடைக்கும் போய்வர அது தேவையுமில்லை. என் ஓட்டு 2018-க்குப் பிந்தைய பெட்ரோல் வண்டிக்கே. சர்வீஸ் ரெக்கார்டும் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விவரமும் காட்டத் தயங்கும் ஓனரிடம் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.