நடமாடும் அழகுநிலையமும் ஐந்திணை நெறியும்

1. முன்னுரை

வீடு தேடி வந்து புருவம் திருத்தியும் ஃபேஷியல் செய்தும் மணப்பெண்ணை அலங்கரித்தும் செல்லும் பியூட்டிஷியனின் அப்பாயின்ட்மென்ட் நோட்டு, தமிழாய்வில் தனக்குரிய இடத்தை இன்னும் பெறவில்லை. சிலம்பையும் மேகலையையும் ஆராய்ந்த பேரறிஞர்கள், அவற்றை அணிவிக்க வந்தவள் எத்தனை மணிக்கு வந்தாள், எவ்வழி வந்தாள் என்று கேட்டாரில்லை. அக்குறையை நீக்குதல் இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வெல்லை: சென்னையில் வடக்கே பெரம்பூர், தெற்கே சோழிங்கநல்லூர், மேற்கே போரூர், கிழக்கே கடல். ஊர்தி: ஸ்கூட்டர்.

2. முன்னாய்வுகள்

பல ஊர்களுக்கும் ஒவ்வொரு முறை சென்று புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் மிகக் குறுகிய வழி எது என்பது கணிதத்தில் புகழ்பெற்ற கேள்வி. ஒரு நாளில் 6 வீடுகள் என்றால் அவற்றை 720 வகையாக வரிசைப்படுத்தலாம். 10 வீடுகள் என்றால் 36,28,800 வகை. 1954இல் டான்ட்சிக், ஃபுல்கர்சன், ஜான்சன் ஆகிய மூவர் அமெரிக்காவின் 49 நகரங்களுக்கு இதற்கு விடை கண்டனர். அரிய சாதனையே. ஆயினும் அந்த 49 நகரங்களுள் ஒன்றேனும், வாசலில் வந்து நின்றவரிடம் “இன்னும் தலைக்குக் குளிக்கலை, பத்து நிமிஷம் உட்காருங்க” என்று சொன்னதில்லை. ஆகவே அவ்விடை சென்னைக்குச் செல்லாது என்க.

3. முதற்பொருள்: பொழுது

பெரும்பொழுது ஆறு என்பர் இலக்கண நூலார். இத்தொழிலுக்கு இரண்டே: முகூர்த்தம் உள்ள மாதம், இல்லாத மாதம். தையிலும் ஆவணியிலும் ஒரே நாளில் நான்கு மணப்பெண்கள் அழைப்பர். ஆடியிலும் மார்கழியிலும் ஃபோன் சார்ஜ் இறங்காது.

சிறுபொழுதுகளுள் வைகறையே தலையாயது. நாலரை மணி முகூர்த்தத்துக்கு, பெண் இரண்டு மணிக்கே நாற்காலியில் அமர்ந்தாக வேண்டும். அலங்கரிப்பவர் அதற்கும் முன்பே எழுந்து, தெருநாய்களின் இசைவு பெற்று, மண்டபம் சேர்ந்திருக்க வேண்டும்.

கிழமைகளோ ஏழல்ல. செவ்வாயும் வெள்ளியும் உடம்பிலிருந்து முடி நீங்கக் கூடாது என்னும் வீடுகள் பல; அமாவாசையைச் சேர்ப்போரும் உளர். எஞ்சிய நாள்களில் அலுவலகம் செல்வோர் சனி, ஞாயிறையே கேட்பர். ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை ராகுகாலம். ஆக, ஒரு வாரத்தின் வேலை முழுவதும் ஒன்றரை நாளில் வந்து குவிகிறது.

பணிகளுக்குள்ளும் முறைவைப்பு உண்டு. மருதாணியின் சிவப்பு முழுமையடைய ஒன்று இரண்டு நாள் ஆகும். எனவே அது கல்யாணத்துக்கு இரு நாள் முன். வேக்ஸிங் சிவப்பை உரித்துவிடும். எனவே அது மருதாணிக்கும் முன். வேக்ஸ் பிடிக்க முடி கால் அங்குலமாவது வளர்ந்திருக்க வேண்டும். எனவே அதற்குச் சில வாரம் முன்பிருந்தே ரேசரைத் தொடலாகாது. இவ்வாறு கல்யாணத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவதே நெறி. “நாளைக்குக் கல்யாணம், எல்லாம் பண்ணணும்” என்பது வழு.

4. முதற்பொருள்: நிலம்

குறிஞ்சி, அடுக்குமாடி. வாயிற்காவலர் நோட்டில் பெயர், ஃபிளாட் எண், வந்த காரணம் எழுதி, வண்டியைத் தெருவில் விட்டு, பையைச் சுமந்து ஏறவேண்டிய உயரம். லிஃப்ட் பழுதானால் அது மலையும் மலைசார்ந்த இடமுமே.

முல்லை, புறநகரின் புதிய மனைப்பிரிவு. கூகுள் மேப் கைவிட்டபின் “வேப்பமரம் தாண்டி மூணாவது வீடு” என்பதே வழிகாட்டும். வேப்பமரங்கள் பல.

மருதம், வேளச்சேரி முதலியன. ஏரி இருந்த நிலம் ஐப்பசி கார்த்திகையில் தன் பழைய நிலையை நினைவுகூரும். அந்நாளில் ஸ்கூட்டர் ஓடமாகும்.

நெய்தல், ஈசிஆர் கல்யாண ரிசார்ட்டுகள். போட்ட மேக்கப் உப்புக்காற்றில் உருகும். இரங்கல் தானே வரும்.

பாலைக்குத் தனி நிலமில்லை. முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் காட்டும் கொள்கை. நல்ல சாலை மெட்ரோ பணியால் திரிந்து பாலையானதை வடபழனிக்கும் போரூருக்கும் இடையே ஆற்காடு சாலையில் சென்றோர் அறிவர்.

5. கருப்பொருள்

வேக்ஸ் ஹீட்டர், ஸ்டிரிப், ஃபேஷியல் கிட், நூல்கண்டு, டவல். இவற்றுள் நூலே நுண்ணிது. புருவம் எடுக்கையில் நூலின் ஒரு நுனி பியூட்டிஷியனின் பல்லில், மற்றவை இரு கைகளில். எதிரில் இருப்பவரோ தன் இரு கைகளால் இமையையும் நெற்றியையும் இழுத்துப் பிடித்திருப்பார். அடுத்த வீட்டிலிருந்து “எங்கே இருக்கீங்க?” என்ற அழைப்பு வருவது இவ்வேளையில்தான். நான்கு கைகளும் ஒரு வாயும் இருந்தும் எடுப்பாரில்லை. “வேணும்னே எடுக்க மாட்டேங்கறாங்க” என்னும் பழி பிறக்கும் இடம் இது.

6. உரிப்பொருள்

மேற்கண்ட ஐந்திணைக்கும் உரிப்பொருள் ஒன்றே: இருத்தல், அதாவது தாமதமாகும் பியூட்டிஷியனுக்காகக் காத்திருத்தல். ஆயின் இத்தாமதத்துக்குக் காரணம் சாலை என்பார் உளர். அது பொருந்தாது. சாலையைக் கணக்கிட்டு முன்னதாகப் புறப்படலாம். ராகுகாலம் காலண்டரிலேயே இருக்கிறது. கணக்கிட முடியாதது வீட்டுக்குள் இருக்கிறது.

புக் செய்தவர் ஒருவர். புருவம் முடிந்து பை மூடப்படும் தறுவாயில் ஒரு குரல்: “வந்ததுதான் வந்தீங்க, அம்மாவுக்கும் ஒரு ஐப்ரோ எடுத்துடுங்களேன் அக்கா.” அம்மாவைத் தொடர்ந்து நாத்தனார், “எனக்கு அப்பர் லிப் மட்டும்.” எதிர்வீட்டு மாமி சர்க்கரை வாங்க வந்தவர், தங்கிவிடுவார். பாட்டி தன் குதிகால் வெடிப்பைக் காட்டுவார். ஆளுக்குப் பத்து நிமிஷம் என்றாலும் அடுத்த வீட்டுக்கு நாற்பது நிமிஷம் தாமதம்.

மறுத்தால் என்ன எனின், மறுக்க இயலாது. இத்தொழிலுக்கு விளம்பரம் வாய்ச்சொல்லே. அடுத்த கல்யாண ஆர்டர் எதிர்வீட்டு மாமியின் மகளுடையதாக இருக்கலாம். ஆகவே கூடுதல் புருவத்துக்குக் காசு கிடைக்கிறது; அடுத்த வீட்டின் கோபத்துக்குக் கிடைப்பதில்லை.

7. முடிவும் பரிந்துரையும்

நாள் குறிப்பது ஒருவருடன், வேலை ஒரு வீட்டுடன் என்பதே இவ்வாய்வு கண்ட முடிவு. எனவே வாசகர்க்குச் சில விண்ணப்பங்கள். புக் செய்யும்போதே எத்தனை பேர், என்னென்ன வேலை என்று வீட்டாரைக் கேட்டுச் சொல்லுங்கள், எதிர்வீட்டாரையும் கேளுங்கள். லொகேஷன் அனுப்புங்கள், வேப்பமரம் வேண்டாம். செக்யூரிட்டியிடம் முன்பே சொல்லிவையுங்கள். பிளக் பாயின்ட் அருகே நாற்காலி போட்டு, குளித்துவிட்டு உட்காருங்கள். வந்துபோகும் பெட்ரோலுக்கும் நேரத்துக்கும் தனியாகக் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள்.