அறிவிப்புக்கும் திணை உண்டு

கல்வெட்டுக்கு உரை எழுத ஆள் இருக்கிறது. ஓலைச்சுவடிக்கு இருக்கிறது. பானை ஓட்டில் யாரோ கீறிவைத்த நாலெழுத்துக்கும் இருக்கிறது. கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்கள் வாராவாரம் வெளியிடும் 'வரவிருக்கும் நிகழ்ச்சிகள்' பட்டியலுக்கு மட்டும் ஓர் உரையாசிரியர் வாய்க்கவில்லை. காலை ஜெபக்கூட்டம், மாலை ஐஸ்கிரீம், நாளை ரத்ததானம், மறுநாள் கூடைப்பந்து, அதற்கும் மறுநாள் வண்டி நிறுத்துமிடம் மூடல். பரலோகக் காரியமும் பார்க்கிங் காரியமும் ஒரே எழுத்தளவில் அடுத்தடுத்த வரியில் நிற்கிற இலக்கியம் இது. இதை இத்தனை காலம் ஆராயாமல் விட்டது பெருங்குறை.

இந்த ஆய்வின் களம் அமெரிக்கா, அளவுகோல் தொல்காப்பியம். பொருத்தம் இல்லையே என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று பிரித்துப் பார்த்தால் அகப்பாட்டு மட்டுமல்ல, அறிவிப்புப் பலகையும் தன் குட்டைத் தானே உடைத்துக்கொள்ளும்.

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். இவ்விரண்டும் இல்லாத அறிவிப்பு வெறும் ஆசை. டெக்சாஸ் மாநிலத்தின் வேக்கோ நகரில் பெய்லர் பல்கலைக்கழகம் இருக்கிறது. டெக்சாஸ் தனிக் குடியரசாக இருந்த காலத்திலேயே, 1845இல், பட்டயம் பெற்ற பாப்டிஸ்ட் நிறுவனம். அங்கே நீண்ட ஆயுளோடு வாழும் அறிவிப்புகளுள் ஒன்று இது: செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3 மணி, மாணவர் மையத்தின் பார்ஃபீல்டு கூடம். 1953இல் காபி நேரமாகத் தொடங்கியது, இன்று 'டாக்டர் பெப்பர் நேரம்' என்று வழங்குகிறது. டாக்டர் பெப்பர் வைத்தியர் அல்லர், பழுப்பு நிறச் சோடா. அதே வேக்கோ நகரத்து மருந்துக்கடையில் சார்லஸ் ஆல்டர்டன் என்ற மருந்தாளர் 1885இல் கலக்கிக் கண்டது. செவ்வாய்க்கிழமை அதை வெனிலா ஐஸ்கிரீம் மிதக்கவிட்டுத் தருவார்கள். ஐஸ்கிரீம் சேர்ந்ததும் பழுப்பு வெளுத்து, குவளையின் விளிம்பில் நுரை கட்டும். ஐஸ்கிரீம் முழுக்கக் கரைவதற்குள் குடிப்பதா, கரைய விட்டுக் குடிப்பதா என்பதில் இரு மரபுகள் இருக்க வாய்ப்புண்டு. எழுத்துச் சான்று கிடைக்காததால் அதை இங்கே விட்டுவிடுவோம்.

கருப்பொருளுக்கு வருவோம். ஆய்வின் முதல் வெளிச்சம் இங்கேதான் விழுகிறது. தொல்காப்பியர் கருப்பொருள்களை வரிசைப்படுத்தும்போது முதலில் தெய்வத்தை வைக்கிறார். தெய்வத்தை அடுத்து அவர் வைப்பது உணவு. மரம், விலங்கு, பறவை, பறை, யாழ் எல்லாம் அதற்குப் பிறகுதான். எந்தக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் நிகழ்ச்சி நிரலையும் எடுத்துப் பாருங்கள், இந்த வரிசை பிசகாது. வேதபாட வகுப்பு, தொடர்ந்து பீட்சா. மிஷனரி சொற்பொழிவு, தொடர்ந்து டோநட். டெக்சாஸ் பாப்டிஸ்டுகள் தொல்காப்பியம் படித்திருப்பார்கள் என்று இக்கட்டுரை வாதிடவில்லை. பசி எல்லா ஊரிலும் ஒரே இலக்கணம் வகுக்கும் என்றளவில் நிறுத்திக்கொள்கிறது. நம் நெல்லைச் சீமையில் ஆலயப் பண்டிகை என்றால் ஆராதனைக்கு அடுத்து அசனம் என்னும் பொதுப் பந்திதானே? செயலாளர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு வாசிக்கும் அறிவிப்புகளில் திருமண ஓலைக்குத் தூங்குகிறவர்கள்கூட அசனத்துக்கு நிமிர்ந்து உட்காருவார்கள்.

விலங்கு என்னும் கருப்பொருளிலும் பெய்லர் குறை வைக்கவில்லை. வளாகத்துக்குள்ளேயே உயிருள்ள கரடிகளை வளர்க்கிறது. பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த ஆர்.இ.பி. பெய்லர் நீதிபதியாக இருந்தவர். ஆகவே கரடிகளுக்கும் 'நீதிபதி' என்றே பட்டம். 2023இல் வந்த குட்டிகள் இரண்டும் நீதிபதி பெல், நீதிபதி இண்டி. வசந்த காலத்தில் ஒருநாள் வகுப்புகளை ரத்து செய்துவிட்டு ஸ்பானியப் பெயரில் 'கரடியின் நாள்' கொண்டாடுகிறார்கள். பறைக்கு அணிவகுப்பு வாத்தியக் குழு, யாழுக்கு ஆராதனைக் கித்தார். பட்டியல் நிறைந்துவிட்டது.

இனி உரிப்பொருள். அகத்திணையில் புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என ஐந்து. அறிவிப்புத் திணையில் தலைமை இடம் இருத்தலுக்கே. வருகைப் பதிவேட்டில் இருத்தல். கூட்டம் ஏன் கூடியது என்ற கேள்விக்குப் பல சமயம் விடை சொல்வது அதுதான்.

பெய்லரில் இளங்கலை மாணவர்கள் இரண்டு பருவங்கள் சாப்பல் ஆராதனையை முடித்தாக வேண்டும். வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் நகரில் 1971இல் ஜெர்ரி ஃபால்வெல் தொடங்கிய லிபர்ட்டி பல்கலைக்கழகத்தில் 'கான்வகேஷன்' என்று அடிக்கடி ஒரு பெருங்கூட்டம் நடக்கும். நம்மூரில் அந்தப் பெயரில் கறுப்பு அங்கி மாட்டிப் பட்டம் தருவோம், அங்கே ஜெபமும் பாட்டும் உரையும். விடுதி மாணவர்கள் கட்டாயம் வர வேண்டும். 2015 மார்ச் 23 அன்று குடியரசுக் கட்சி செனட்டர் டெட் குரூஸ் தாம் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நிற்கப்போவதாக அறிவித்தது இந்த மேடையில்தான். ஏறத்தாழ பத்தாயிரம் மாணவர்கள் அரங்கில் இருந்தார்கள். தொலைக்காட்சியில் அழகாகத் தெரிந்தது. அறிவிப்பியல் நோக்கில், தேர்தல் வரலாற்றிலேயே வருகைப் பதிவோடு தொடங்கிய அரிய பிரசாரம் என்று இதைக் குறிக்கலாம். வராமல் இருக்க முடியாத மாணவர்கள் சிலர் ராண்ட் பால் என்ற போட்டி அரசியல்வாதியின் பெயர் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். இருத்தலுக்குள்ளேயே ஊடல்! திணை மயக்கத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா? அதே ஆண்டு செப்டம்பர் 14 அன்று, தம்மை ஜனநாயக சோஷலிஸ்ட் என்று அழைத்துக்கொள்ளும் பெர்னி சாண்டர்ஸ் அதே மாணவர் கூட்டத்தின் முன் பேசினார். பதிவேட்டுக்குக் கட்சி கிடையாது.

சாப்பலில் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றியே ஒரு சாப்பல் பேச்சு உண்டு. இலினாய் மாநிலத்தின் வீட்டன் கல்லூரியில் 1967 செப்டம்பர் 22 அன்று அதன் முன்னாள் தலைவர் ரேமண்ட் எட்மன் மாணவர்களிடம் பேசினார். எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசியைப் பார்க்கச் சென்றபோது எப்படி நுழைய வேண்டும், எப்படி வணங்க வேண்டும் என்று தமக்குச் சொல்லித்தந்த முறைகளை விவரித்தார். ஓர் அரசன் முன் அப்படியென்றால் ஆராதனையில் எப்படி இருக்க வேண்டும் என்பது பேச்சின் போக்கு. பேசிக்கொண்டிருக்கும்போதே மேடையில் சரிந்து உயிர் நீத்தார். இன்று வீட்டன் மாணவர்கள் சாப்பலுக்குக் கூடும் அரங்கத்துக்கு அவர் பெயர்தான். இந்த இடத்தில் போலி ஆய்வும் சற்று அடங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரங்கலுக்குப் பெய்லரின் 'ஹோம்கமிங்'. 1909இல் தொடங்கியது. பழைய மாணவர்களை வரவழைக்கும் இந்த வழக்கத்தில் நாட்டிலேயே தாங்கள்தான் முதல் என்பது அவர்கள் கட்சி. வேறு சில பல்கலைக்கழகங்களும் அதையே சொல்கின்றன, தீர்ப்பு சொல்ல நீதிபதி பெல் தயாராக இல்லை. ஊர்வலம், தீமூட்டம், கால்பந்து என்று களைகட்டும் அந்த வாரத்தின் பட்டியலில் புதுமுக மாணவர்களுக்கான ஒரு கூட்டமும் இருக்கும். 1927 ஜனவரி 22 அன்று ஆஸ்டினுக்கு ஆடப் போன கூடைப்பந்து அணியின் பேருந்தை ரவுண்ட் ராக் ஊரின் ரயில்பாதையில் ரயில் மோதியது. பத்துப் பேர் மாண்டார்கள். அந்தக் கதையை ஒவ்வொரு ஆண்டும் புது வரவுகளுக்குச் சொல்கிறார்கள், அந்தப் பத்துப் பெயர்களையும் சொல்கிறார்கள். ஊர்வல நேரத்தையும் இதையும் ஒரே பட்டியலில் படிக்கிறவன் கண் எந்த வரியில் நிற்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இதுவரை இருந்த அறிவிப்புகளைப் பார்த்தோம். இல்லாத அறிவிப்புகளும் சான்றுதான். 'நடனம்' என்ற அறிவிப்பு பெய்லர் வளாகத்தில் 151 ஆண்டுகள் வரவேயில்லை. பாப்டிஸ்ட் மரபில் ஆட்டம் ஆகாது. 1996 ஏப்ரல் 18 அன்றுதான் முதல் நடனம் அறிவிக்கப்பட்டது. தலைவர் ராபர்ட் ஸ்லோன் தம் மனைவியோடு முதல் ஆட்டத்தை ஆடித் தொடங்கிவைத்தார். ஒரு பல்கலைக்கழகத் தலைவரின் கால் அசைவைப் படம் பிடிக்க நாட்டின் செய்தியாளர்கள் கூடியது அதற்கு முன் எப்போது என்று தெரியவில்லை. 1860இல் பிறந்த வீட்டனும் பொறுமைசாலிதான். அங்கே முதல் நடனம் 2003 நவம்பரில்தான். நூறு ஆண்டுக்கு மேல் அடக்கிவைத்த ஆட்டத்தை ஒரே மாலையில், பழைய காலத்து ஸ்விங் இசைக்கு ஆடித் தீர்த்தார்கள்.

சத்தம் போடாதே என்று அழைக்கும் அறிவிப்பும் உண்டு. இண்டியானாவின் அப்லாண்டில் உள்ள டெய்லர் பல்கலைக்கழகத்தில், டிசம்பரில், இறுதித் தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை கூடைப்பந்துப் போட்டி. மாணவர்கள் விதவிதமான வேஷம் போட்டுக்கொண்டு வருவார்கள். வந்து, வாயைத் திறக்க மாட்டார்கள். தங்கள் அணி பத்தாவது புள்ளியை எடுக்கும்வரை அரங்கில் காலணி உரசும் சத்தமும் பந்து தரையில் மோதும் சத்தமும் நடுவரின் விசிலும்தான். எட்டு ஆனதும் எல்லாரும் மெல்ல எழுந்து நிற்பார்கள். எதிரணிக்காரன் பந்தைப் பிடுங்கினால் அப்படியே நின்றபடி மூச்சை அடக்க வேண்டும். பத்தாவது புள்ளி வலைக்குள் விழுந்த கணம் கூரை பிய்ந்துகொள்ளும். கடைசியில் தோளோடு தோள் சேர்த்து நின்று 'சைலண்ட் நைட்' என்ற கிறிஸ்துமஸ் பாட்டைப் பாடுவார்கள். தேர்வுக்குப் படிக்க வேண்டிய இரவில் இத்தனையும். இந்த அறிவிப்பில் வருகைப் பதிவும் இல்லை, ஐஸ்கிரீமும் இல்லை என்பதை ஆய்வாளர் சற்றுக் கலக்கத்தோடுதான் குறித்துக்கொள்கிறார்.

கலக்கம் முற்றுவது கென்டக்கியில். வில்மோர் என்ற சிற்றூரில் ஆஸ்பரி பல்கலைக்கழகம். 2023 பிப்ரவரி 8, புதன்கிழமை, ஹியூஸ் அரங்கத்தில் வழக்கமான காலைச் சாப்பல். அன்று பேசியவர் தன் பேச்சு எடுபடவில்லை, சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று மனைவிக்குக் குறுஞ்செய்தி அனுப்பியதாகப் பின்னர் சொன்னார். ஆராதனை முடிந்தும் சில மாணவர்கள் எழுந்து போகவில்லை. பாடிக்கொண்டிருந்தார்கள். மதியம் போனவர்கள் திரும்பி வந்தார்கள். இரவு வந்தது, பாட்டு நிற்கவில்லை. மறுநாளும் நிற்கவில்லை. ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு பேர் அமரும் அரங்கத்துக்கு வெளியே, பிப்ரவரிக் குளிரில், மணிக்கணக்கில் வரிசை. ஆறாயிரம் பேர்கூட உறுதியாக இல்லாத ஊருக்கு, பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டின்படி, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்துபோனார்கள்.

அறிவிப்பு கிடையாது. வருகைப் பதிவு கிடையாது. உணவு? வந்தது, ஆனால் பிறகு வந்தது. வரிசையில் நின்றவர்களுக்கு ஊர்க்காரர்களும் தொண்டு அமைப்புகளும் கொண்டுவந்து கொடுத்தார்கள். உணவைத் தேடிக் கூட்டம் வரும் என்ற நம் கோட்பாடு இங்கே தலைகீழாகி, கூட்டத்தைத் தேடி உணவு வந்துவிட்டது. தற்செயல் என்று தள்ளவும் வழியில்லை. அதே கல்லூரியில், அதே அரங்கத்தில், 1970 பிப்ரவரி 3 அன்றும் இப்படித்தான். பேசவேண்டியவர் பேச்சை விட்டுவிட்டு மாணவர்களைச் சாட்சி சொல்ல அழைத்தார், சாப்பல் முடியவில்லை. ஒரு வாரம் வகுப்பு நடக்கவில்லை. எழுப்புதல் என்று திருச்சபைகள் இதைச் சொல்கின்றன. அறிவிப்பியலில் இதற்குக் கலைச்சொல் இல்லை.

கோட்பாட்டுக்கு ஒரு சின்ன ஆறுதல் மட்டும் மிச்சம். கூட்டத்தைத் தாங்கமுடியாத பல்கலைக்கழகம், பொதுமக்களுக்கான ஆராதனைகள் எப்போது முடியும் என்று கடைசியில் அறிவிக்க வேண்டியதாயிற்று. தொடங்க அறிவிப்பு தேவைப்படவில்லை, முடிக்கத் தேவைப்பட்டது. பிப்ரவரி 23 அன்று, கல்லூரிகளுக்கான தேசிய ஜெப நாள் ஒளிபரப்பு ஆஸ்பரியிலிருந்து நடந்தது. எழுப்புதலுக்கு வெகுமுன்பே திட்டமிட்டு நாட்காட்டியில் குறித்துவைத்த நிகழ்ச்சி அது. பதினாறு நாள் அமளியிலும் அசையாமல், குறித்த தேதியில், குறித்த ஊரில் வந்து நின்ற அந்த ஒரு வரியை அறிவிப்பியலாளர்கள் கொஞ்சம் பெருமையோடு சுட்டிக்காட்டலாம்.

தீராத சிக்கல் ஒன்றே. ஆஸ்பரி மாணவர்கள் பருவத்துக்கு இத்தனை சாப்பல் என்று கணக்குக் காட்ட வேண்டியவர்கள். பிப்ரவரி 8 அன்று காலையில் உள்ளே போய், 23 வரை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்த மாணவனுக்குப் பதிவேட்டில் போடவேண்டியது ஒன்றா, பதினாறா? ஆராதனை முடியவில்லை என்றால் ஒன்று. நடுவில் தூங்கப் போய் வந்தான் என்றால் கணக்கு வேறு. துறை அலுவலகத்தில் விசாரித்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது. இப்போதைக்கு ஒன்று எனக் கொள்க.