பெரியப்பா காத்திருக்கிறார்

என் கணினிக்குள் ஒரு பெரியப்பா உட்கார்ந்திருக்கிறார். பிரம்பு நாற்காலி, வெள்ளை வேட்டி, மடியில் மடித்து வைத்த பேப்பர். நீங்கள் கேட்கப்போகும் கேள்விக்காகப் பார்த்துக்கொண்டே இருப்பார். சரியாகப் பத்தாவது விநாடியில் அவர் தலை வெடுக்கென்று ஒரு இஞ்ச் இடப்பக்கம் தாவும். வாதநோயோ என்று பயப்பட வேண்டாம், வெட்டி ஒட்டியது நான். இரண்டு வருடமாக இப்படித் தாவிக்கொண்டிருக்கிறார்.

நான் வீடியோ கேம் செய்யக் கிளம்பியவன். வரையத் தெரியாது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளைப் படிக்க ஆரம்பித்தேன். அதைக் கற்க வருகிறவர்கள் முதல் பாடமாக ஒரு டோனட் செய்வது சம்பிரதாயம், நாம் பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி. மூன்று மாதம் கழித்து என் டோனட்டைப் பார்த்த மனைவி, "வடை நல்லா வந்திருக்கு" என்றாள். அன்று ராத்திரிதான் அந்த யோசனை வந்தது. ஆட்களை எதற்கு வரைய வேண்டும்? வீடு நிறைய ஆள் இருக்கிறதே. செல்போனில் படம் பிடித்துக் கேமில் போட்டால் தீர்ந்தது. சோம்பேறித்தனத்தைத் தொழில்நுட்பம் என்று நம்புவது எனக்கு அது முதல் தடவையும் அல்ல.

முன்னோடிகள் உண்டு என்ற தைரியம் வேறு. பள்ளிக்கூட நாட்களில் மதுரையில் மணிக்கணக்குக்குக் காசு வாங்கிக்கொண்டு விளையாட விடும் கடைகளில் நாங்கள் 'மார்ட்டல் காம்பேட்' ஆடியிருக்கிறோம். 1992-இல் வந்த ஆட்டம். அதில் அடித்துக்கொண்டவர்கள் வரைந்த பொம்மைகள் அல்ல. நிஜ ஆட்களைக் கேமராவுக்கு முன்னால் குத்தச் சொல்லி, உதைக்கச் சொல்லி, விழச் சொல்லி எடுத்து, பின்னணியை நறுக்கி எறிந்துவிட்டு உள்ளே ஏற்றினார்கள். மஞ்சள் உடை ஸ்கார்ப்பியனும் நீல உடை சப்-ஸீரோவும் ஒரே ஆள்தான், டேனியல் பெசினா. உடையும் ஒன்றுதான், நிறத்தை மட்டும் கணினியில் மாற்றிவிட்டார்கள். ஆள் மறுபக்கம் திரும்ப வேண்டுமா, படத்தைக் கண்ணாடியில் காட்டியதுபோல் புரட்டிப் போட்டார்கள். அடேயப்பா, என்ன சிக்கனம் என்று இதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' செய்த ஜோர்டான் மெக்னர் தன் தம்பியை ஓடவிட்டு, குதிக்கவிட்டு வீடியோ எடுத்து, அதை அச்சாக வைத்து வரைந்துதான் அந்த இளவரசனை நடமாட வைத்தார். எனக்கும் தம்பி இருக்கிறான். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துத் தொங்கச் சொன்னேன். அவன் 90 கிலோ. "நீ தொங்குண்ணே, நான் எடுக்கறேன்" என்றான்.

ஆகவே ஓட்டமும் தாவலும் இல்லாத கதையாக எழுதினேன். பெயர் 'பீரோ சாவி'. ஒரு வீட்டில் பீரோ சாவி காணோம். விளையாடுகிறவர் அம்மா, பெரியப்பா, தம்பி மூவரையும் விசாரிக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கேள்வி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஐந்தே கட்டம். தேதி கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கிளை கிளையாகப் போட்டுப் பார்த்தேன். 2, 4, 8, 16, 32. கூட்டினால் 62 துண்டுப் படங்கள். விளையாடுகிறவர் ஒரு தடவைக்குப் பார்க்கப்போவது ஐந்து. பார்க்காத 57-லும் யாராவது நடித்துத்தான் ஆக வேண்டும். சதுரங்கக் கட்டத்தில் நெல்மணி வைத்து ராஜாவைக் கவிழ்த்தவன் கதையை என் பெண்ணுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அந்த ராஜா நான்தான் என்று அப்போது தெரியவில்லை.

இந்த வம்பை ஒருவர் எனக்கு முன்பே பார்த்து, அவிழ்த்தும் வைத்திருக்கிறார். 1967-இல் மாண்ட்ரியலில் நடந்த உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கியா அரங்கில் 'கினோஆட்டோமாட்' என்று ஒரு படம் ஓடியது. ரதூஸ் சின்செரா என்பவரின் வேலை. நாற்காலிக்கு நாற்காலி ஒரு சிவப்புப் பொத்தான், ஒரு பச்சைப் பொத்தான். சிக்கலான இடத்தில் படம் நிற்கும். மேடைக்கு ஒருவர் வந்து 'இப்போது என்ன செய்யலாம்?' என்று சபையைக் கேட்பார். எந்தப் பக்கம் ஓட்டு அதிகமோ அந்தக் காட்சி ஓடும். ஆனால் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் கதை கொஞ்ச தூரம் சுற்றிவிட்டுப் பழைய தடத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். கடைசியில் கட்டடம் தீப்பிடித்து எரியும். யார் என்ன ஓட்டுப் போட்டாலும் எரியும். கிளைகள் இரண்டிரண்டாகப் பெருகாமல் இருக்க இதைவிட எளிய வழி கிடையாது. இதை நான் படித்தது 62-இல் 42-ஐ எடுத்து முடித்த பிறகு.

அந்த 42-ஐ எடுத்த கதையைச் சொல்கிறேன். அம்மா பெரியப்பாவைச் சந்தேகப்படுகிற காட்சி ஒன்று உண்டு. அம்மா வசனத்தைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"உங்க பெரியப்பா முகத்தப் பாத்து நான் இதுவரைக்கும் நேருக்கு நேரா பேசினதில்ல. அவரப் போய் 'நீங்கதான எடுத்தீங்க'ன்னு கேக்கச் சொல்றியே, நல்லா இருக்காடா?"

சரி என்று தனித்தனி நாளில் தனித்தனியாக எடுத்தேன். ஒட்டிப் பார்த்தால் இருவரும் வலதுபக்கம் பார்த்துப் பேசுகிறார்கள். ஒருவரையொருவர் அல்ல, வாசலில் நிற்கும் மூன்றாவது ஆளை இரண்டு பேரும் சேர்ந்து சந்தேகப்படுகிற மாதிரி இருக்கிறது. உடனே நோட்டில் எழுதி வைத்த சிக்கனம் ஞாபகம் வந்தது. பெரியப்பாவைப் புரட்டிப் போட்டேன். பார்வை சரியாகிவிட்டது. சுவரில் முருகன் வேலைக் கை மாற்றிக்கொண்டார், காலண்டரில் தேதி எல்லாம் இடம் வலமாகப் புரண்டுபோயிற்று. போட்டுக் காட்டியபோது பெரியப்பா ரொம்ப நேரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "டேய் தம்பி, வலப்பக்கம் பை வச்ச சட்டை எங்கிட்டக் கிடையாதேடா."

மூன்றாவது வாரம் அவர் வேண்டுதல் என்று பழனிக்குப் போய்விட்டு, தலையில் சந்தனத்தோடு வந்து சேர்ந்தார். இன்னும் 20 துண்டு பாக்கி. 'ஃபேண்டஸ்மகோரியா' என்று 1995-இல் 7 சிடிக்களில் வந்த ஒரு திகில் ஆட்டத்தில் நாயகி பெரும்பாலும் ஒரே உடையில்தான் சுற்றுவாள். எந்தத் துண்டுக்குப் பின்னால் எந்தத் துண்டு வரும் என்று சொல்ல முடியாத வேலையில்தான் அந்த ஒரே உடையின் அருமை தெரியும். நான் உடையில் குறியாக இருந்தேன், தலையை விட்டுவிட்டேன். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். தப்பான கேள்வி கேட்டால் மொட்டைப் பெரியப்பா வருவார். "ஒரு கேள்வி கேட்டதுக்கு மனுசனுக்கு முடி கொட்டிருமா?" என்றான் தம்பி. அவனிடம் சொல்லியிருக்கவே கூடாது.

ஆனால் என்னைக் குப்புறத் தள்ளியது இதெல்லாம் இல்லை, காத்திருப்பு. சினிமாவில் கிடையாத ஒரு காட்சி இந்த ஆட்டத்துக்குத் தேவைப்படுகிறது. விளையாடுகிறவர் இரண்டு கேள்வியில் எது என்று யோசிக்கும்போது, எதிரே இருப்பவர் என்ன செய்வார்? வரைந்த உருவமாக இருந்தால் மூச்சு விடுவதுபோல் நெஞ்சை ஏற்றி இறக்கிவிட்டு விடலாம், விடிய விடிய நிற்கும். நிஜ மனிதரென்றால் சும்மா இருப்பதையும் படம் பிடிக்க வேண்டும். அந்தத் துண்டின் கடைசி நொடியும் முதல் நொடியும் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். அப்போதுதான் திரும்பத் திரும்ப ஓட்டலாம். நெட்ஃபிளிக்ஸில் 2018-இல் வந்த 'பேண்டர்ஸ்னாட்ச்' இதற்குத் தப்பித்த விதம் கெட்டிக்காரத்தனமானது. பத்து விநாடிதான் அவகாசம், அதற்குள் முடிவு செய்யாவிட்டால் படமே ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். காட்சி நிற்பதில்லை. எனக்கு இது தோன்றவில்லை. நான் அம்மாவைச் சும்மா நிற்கச் சொன்னேன்.

சமையலறை வாசல். மின்விசிறியை நிறுத்தியாயிற்று, சத்தம் வரும் என்று. மே மாதம்.

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம்மா. சும்மா நில்லு. பத்து விநாடி."

அம்மா நின்றாள். மூன்றாவது விநாடியில் கை தானாக முந்தானைக்குப் போய் நெற்றியைத் துடைத்தது. மறுபடி. ஐந்தாவது விநாடியில் நிலைப்படியில் ஏதோ கறை தெரிந்து நகத்தால் சுரண்டினாள். மறுபடி. ஏழில் குக்கர் கூவியது, "ரெண்டாச்சு" என்றாள். மறுபடி. இந்தத் தடவை அசையவே இல்லை, கண் மட்டும் அடுப்புப் பக்கம் போய்ப் போய் வந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஏம்மா, பத்து விநாடி ஒண்ணும் பண்ணாம நிக்க முடியாதா?" அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை அசையாமல், கச்சிதமாகப் பன்னிரண்டு விநாடி நீடித்தது. அதைத்தான் கேமில் வைத்தேன். அம்மாவைக் கேள்வி கேட்க வருகிற யாரும் அதைக் கண்டு பாதியிலேயே ஆட்டத்தை மூடிவிடுகிறார்கள்.

பெரியப்பாவுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஓய்வு பெற்றவர். ஆனால் அவருடைய துண்டில் கேள்விப் பொத்தான்களின் எழுத்து வெள்ளை, விழுந்த இடம் வேட்டி. முதன்முதலில் விளையாடிப் பார்த்த என் நண்பர் நாலு நிமிடம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆழமா இருக்கு சார். கொஞ்சம் ஸ்லோ" என்றார்.

தம்பி எடுத்த துண்டுகளை அவன் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். வந்து சேர்ந்தபோது முகம் எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. இதற்கும் எனக்கு ஒரு சமாதானம் இருந்தது. 'நைட் ட்ராப்' என்ற ஆட்டத்துக்கு 1987-இல் எடுத்த படம், விஎச்எஸ் நாடாவில் ஓட வேண்டிய ஒரு விளையாட்டுப் பெட்டிக்கானது. அந்தப் பெட்டி கடைக்கு வரவே இல்லை. படம் வருடக்கணக்கில் தூங்கி, 1992-இல் செகா சிடி என்ற வேறொரு பெட்டிக்கு வந்தது. செகா சிடி ஒரு நேரத்தில் திரையில் காட்டக்கூடியது 64 நிறங்கள், ஆகவே நடிகர்களின் முகமெல்லாம் புள்ளி புள்ளி. அப்படியிருந்தும் அடுத்த ஆண்டு அமெரிக்க செனட்டில் அதை எடுத்துவைத்து, பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று விசாரணை நடத்தினார்கள். என் ஆட்டத்தால் யாரும் கெட்டுப்போனதாகப் புகார் இல்லை.

கிளைகளில் தோற்றவன் அடுத்து தேடலுக்குப் போனேன். சாம் பார்லோ 2015-இல் செய்த 'ஹெர் ஸ்டோரி'யைப் பார்த்துப் பிடித்த பைத்தியம். ஒரே பெண், வீவா சீஃபர்ட். போலீஸ் விசாரணையில் அவள் சொன்ன பதில்கள் சின்னச் சின்னத் துண்டுகளாக இருக்கும். நாம் ஒரு சொல்லைத் தட்டினால் அவள் அந்தச் சொல்லைப் பேசிய துண்டுகள் வரும், எத்தனை இருந்தாலும் முதல் ஐந்துதான் பார்க்கக் கிடைக்கும். கிளையும் கிடையாது, யாரும் சும்மா நிற்கவும் வேண்டாம். சொல்லைத் தேடுவதே ஆட்டம். இது நமக்கென்றே செய்தது என்று குதித்தேன். அம்மாவை உட்காரவைத்து, சாவி காணாமல் போன அன்று என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். இரண்டு மணி நேரம் பேசினாள். 140 துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்தேன்.

தமிழ் அங்கேதான் என்னைப் பிடித்தது. 'வீடு' என்று தேடினால் ஒன்றும் வரவில்லை. அம்மா 'வீட்ல' என்றாள், 'வீட்டுக்கு' என்றாள், வெறும் 'வீடு' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. முழுச் சொல்லாகத் தேடு என்றால் 'சாவி'க்கு 'சாவியை' சிக்காது. சொல்லின் முன்பகுதி பொருந்தினால் போதும் என்று மாற்றினேன். சாவித்திரி சித்தி வந்துவிட்டார். சாவித்திரி சித்தியைப் பற்றி அம்மாவுக்குச் சொல்ல நிறைய இருந்தது. 'உங்கப்பா' என்று தட்டினால் 140-இல் பாதிக்குமேல் வந்தது. அப்பாவைக் குறை சொல்லாமல் அம்மா ஒரு வாக்கியத்தை முடித்ததாகச் சரித்திரம் இல்லை. எதைத் தட்டினாலும் முதல் ஐந்தில் அப்பா, இல்லாவிட்டால் சித்தி. சாவியை யார் எடுத்தார்கள் என்பது எனக்கே மறந்துபோயிற்று.

போன ஐப்பசியில் வீட்டில் நிஜமாகவே பீரோ சாவியைக் காணோம். படத்தில் காட்டியது அதே சாவிதான், எடுத்த பிறகு யாரிடம் கொடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை. உள்ளே தீபாவளிக்கு வைத்திருந்த பணம். குடும்பம் மொத்தமும் என் கணினி முன்னால் கூடியது. என் ஆட்டத்தை இத்தனை பேர் ஒரே நேரத்தில் விளையாடியது அன்றைக்குத்தான். அந்த 42 துண்டையும் ஓட்டினோம். 17-ஆவது துண்டில் சாவி பெரியப்பா கையில் இருந்தது, அடுத்ததில் ஃப்ரிட்ஜ் மேல், அதற்கடுத்ததில் மறுபடி அவர் கையில். எந்த நாள் முன்னால், எந்த நாள் பின்னால் என்று எடுத்த எனக்கே தெரியவில்லை. "புரட்டிப் போடாத கையில பாரு" என்றார் பெரியப்பா. தேடல் பெட்டியில் 'சாவி' தட்டினேன். ஐந்தும் சாவித்திரி சித்தி. அவரும் அன்று வந்திருந்தார், பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். ஐந்தையும் முழுதாகக் கேட்டார்.

மறுநாள் தெருமுனையிலிருந்து சாவி செய்பவரைக் கூட்டிவந்தேன். பத்து நிமிடத்தில் பீரோவைத் திறந்து, புதுச் சாவி ராவிக் கொடுத்து, 350 ரூபாய் வாங்கிக்கொண்டார். போகும்போது மேஜைமேல் முக்காலியில் நின்ற செல்போனைப் பார்த்தார்.

"கேமராவெல்லாம் வச்சிருக்கீங்க. அதப் போட்டுப் பாத்தா யாரு எடுத்தான்னு தெரிஞ்சிருக்குமே சார்?"

அம்மா சமையலறை வாசலிலிருந்து என்னைப் பார்த்தாள். பன்னிரண்டு விநாடி.