தாயைப் பார்த்தால் போதும்

கேள்வி: கோள்கள் உள்ள நட்சத்திரத்தில் என்னென்ன தனிமம் இருக்கிறது என்று எதற்காக அளக்கிறார்கள்? அவ்வளவு தூரத்திலிருந்து அது எப்படி முடிகிறது?

பதில்: தாயைத் தண்ணீர்த்துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டாம் என்பார்களே, அதற்காகத்தான்! நட்சத்திரமும் கோளும் ஒரே வாயு, தூசு மேகத்தில் பிறந்தவை. கோளின் உட்புறம் நம் கண்ணுக்கு எட்டாது. தாயான நட்சத்திரத்தின் ஒளியோ தாராளமாக வருகிறது. அதை நிறமாலையாகப் பிரித்தால் கரும் கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று சில அலைநீளங்களைத்தான் விழுங்கும். எந்தக் கோடு என்பது எந்தத் தனிமம் என்று சொல்லும். நட்சத்திரத்தின் வெப்பநிலையையும் சேர்த்துக் கணக்கிட்டால், கோட்டின் ஆழம் அளவைச் சொல்லும்.

நட்சத்திரங்களின் வேதியியலை மனிதன் அறியவே முடியாது என்று 1835-இல் எழுதினார் பிரெஞ்சுத் தத்துவவாதி ஆகஸ்ட் காம்ட். 1859-இல் அறிவியலாளர்கள் கிர்க்காஃபும் பன்சனும் அதற்கு வழி கண்டுவிட்டார்கள். அதைப் பார்க்க அவர் இருந்திருக்கக் கூடாதா!

அந்த வழியில் அளந்தால், 1995-இல் கோள் கண்டறியப்பட்ட 51 பெகாசி என்ற நட்சத்திரத்தில் இரும்பின் விகிதம் சூரியனைவிட அதிகம். இரும்புச் செழிப்புள்ள நட்சத்திரங்களில்தான் வியாழன் போன்ற ராட்சதக் கோள்கள் அதிகம் என்று 2005-இல் வானியலாளர்கள் ஃபிஷரும் வலென்டியும் விரிவாகக் காட்டினார்கள். எனக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறு: பூமி போன்ற சிறிய கோள்களுக்கு அவ்வளவு இரும்புப் பிடிவாதம் கிடையாது. சுமாரான வசதியுள்ள நட்சத்திரங்களிடமும் பிறக்கின்றன.